மைனஸ் 62 டிகிரியில் ஒரு மதர்போர்டு

லினக்ஸ் கணினியில் டெர்மினலைத் திறந்து ‘சென்சார்ஸ்’ என்ற கட்டளையை முதன்முறை தட்டுபவருக்குத் தகவலைவிடக் கலக்கம்தான் அதிகம் கிடைக்கும். செயலி 41 டிகிரி என்கிறது, சரி. அதற்குக் கீழே பெயர் புரியாத ஏதோ ஒன்று மைனஸ் 62 டிகிரி. அடுத்தது 127. ஒரு விசிறி 0 சுற்று என்கிறது. ஆனால் அதே விசிறியின் இரைச்சல் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. ‘ஏசிபிஐ’ என்று தலைப்பிட்ட ஒரு வரி எந்நேரமும் 27.8 டிகிரியில் அசையாமல் நிற்கிறது. நான்கைந்து வரிகளின் முடிவில் ‘அலாரம்’ என்று வேறு எழுதியிருக்கிறது.

கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. மைனஸ் 62இல் எந்த மதர்போர்டும் உறைந்துகிடக்கவில்லை. லினக்ஸ் இங்கே ஒரு எழுத்தர் மட்டுமே: சிப் சொன்னதைச் சொன்னபடி எழுதிக் கொடுக்கிறது. சிப் எதை அளந்தது, அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று சொல்ல வேண்டியவர் மதர்போர்டைச் செய்தவர். அவர் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. திரையில் தெரியும் குழப்பத்தில் பாதி இந்த மௌனத்தால் வந்தது.

அளப்பவர் ஒருவர் அல்லர் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். மதர்போர்டின் ஓரத்தில் ‘சூப்பர் ஐஓ’ என்றொரு சிப் இருக்கும். விசைப்பலகை, சீரியல் போர்ட் போன்ற பழைய வேலைகளுக்காக வந்த அது, விசிறிகளின் வேகம், மின்னழுத்தங்கள், பலகையின் வெப்பநிலை ஆகியவற்றையும் கவனித்துக்கொள்கிறது. நுவோட்டன், ஐடிஇ, ஃபின்டெக் ஆகிய நிறுவனங்களின் சிப்கள் அதிகம் புழங்குகின்றன. பழைய பலகைகளில் ‘வின்பாண்ட்’ என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அந்நிறுவனத்தின் இந்தப் பிரிவுதான் 2008இல் நுவோட்டன் எனப் பிரிந்தது. செயலிக்குள் அதற்கென்று தனி உணரிகள் உண்டு. எஸ்எஸ்டியிலும் ஹார்ட் டிஸ்க்கிலும் உண்டு. டிடிஆர்5 நினைவகப் பலகைகளிலும் வந்துவிட்டன. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு வழியில், வெவ்வேறு அலகில் பேசும்.

இந்தப் பேச்சையெல்லாம் ஒரே மொழிக்குக் கொண்டுவருவது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் உள்ள ‘ஹெச்டபிள்யூமான்’ என்ற அமைப்பு. ‘ஹார்ட்வேர் மானிட்டரிங்’ என்பதன் சுருக்கம் அது. 1990களின் இறுதியில் ‘எல்எம்-சென்சார்ஸ்’ திட்டமாகக் கெர்னலுக்கு வெளியே தொடங்கியது, 2.6 வரிசைக் கெர்னல்களில் உள்ளே வந்து குடியேறியது. பெயரில் இருக்கும் ‘எல்எம்’, நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் எல்எம்75, எல்எம்78 சிப்களிலிருந்து ஒட்டிக்கொண்டது. அந்த நிறுவனத்தை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 2011இல் வாங்கிவிட்டது. பெயர் மட்டும் கட்டளையில் வாழ்கிறது.

ஹெச்டபிள்யூமானின் அழகு அதன் எளிமை. ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு கோப்புறை. ஒவ்வோர் அளவுக்கும் ஒரு சிறு கோப்பு. கோப்பைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு முழு எண். வெப்பநிலை என்றால் மில்லி டிகிரியில், மின்னழுத்தம் என்றால் மில்லி வோல்ட்டில், விசிறி என்றால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கில். 41000 என்று இருந்தால் 41 டிகிரி. ‘சென்சார்ஸ்’ கட்டளையும், மேசைத்திரையின் மூலையில் வெப்பநிலை காட்டும் சின்னஞ்சிறு நிரல்களும் இந்தக் கோப்புகளை வாசிப்பவையே. ஒரு கோப்பை வாசிக்கத் தெரிந்தால் போதும், எந்த மொழியிலும் நீங்களே ஒரு கண்காணிப்பு நிரல் எழுதிவிடலாம். ஓப்பன்பிஎஸ்டி என்ற இன்னோர் இயங்குதளத்தில் ‘சிஸ்கண்ட்ரோல்’ கட்டளையிடம் ‘ஹெச்டபிள்யூ’ வகையின் உணரிகளைக் கேட்டால் தனி நிரல் எதுவும் நிறுவாமலே பட்டியல் வந்துவிடும். எனக்கு அந்த ஒழுங்கின் மீது கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

கோப்பில் உள்ள எண் எப்படி அங்கே வந்தது என்பதுதான் சுவையான பகுதி.

செயலியின் வெப்பநிலையையே எடுத்துக்கொள்வோம். இன்டெல் செயலிக்குள் இருக்கும் உணரி, “நான் 41 டிகிரியில் இருக்கிறேன்” என்று சொல்வதே இல்லை. “என் உச்ச வரம்புக்கு இன்னும் 59 டிகிரி பாக்கி” என்றுதான் சொல்கிறது. அந்த வரம்பு 100 என்றால், அந்த உணரியோடு பேசும் கெர்னல் நிரலான ‘கோர்டெம்ப்’ டிரைவர் 100இலிருந்து 59ஐக் கழித்து 41 என்று கோப்பில் எழுதுகிறது. இன்றைய செயலிகள் தங்கள் வரம்பு எவ்வளவு என்பதைத் தாங்களே ஒரு ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் எண் வைக்கும் சிறு இடத்தில்) சொல்லிவிடுகின்றன. கோர் 2 காலத்தில் அந்த வசதி இல்லை. 85ஆ, 100ஆ என்று டிரைவரே செயலியின் ரகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருந்தது. ஊகம் தப்பினால் ஒரே அடியாக 15 டிகிரி பிழை. இன்னொன்று: இந்த உணரி வரம்பை நெருங்கும்போது துல்லியமாக இருக்கும்படி அமைக்கப்பட்டது. செயலி சும்மா இருக்கும் நேரத்தில் அது சொல்லும் 28, 31 போன்ற எண்களை வைத்துக்கொண்டு “என் கணினி உன்னுடையதைவிடக் குளிர்ச்சி” என்று போட்டி போடுவதில் பெரிதாக அர்த்தமில்லை.

ஏஎம்டியின் கதை இதைவிட வேடிக்கையானது. ‘கே10டெம்ப்’ டிரைவர் காட்டும் ‘டிகண்ட்ரோல்’ என்ற எண் உண்மையான வெப்பநிலையே இல்லை. விசிறிக்கு எவ்வளவு வேகம் தேவை என்று தீர்மானிப்பதற்கான ஒரு அளவுகோல் என்றுதான் அந்த டிரைவரின் விளக்கக் குறிப்பே சொல்கிறது. ரைசன் 7 1800எக்ஸ் வந்தபோது இந்த எண் உண்மையான சிலிக்கான் வெப்பநிலையைவிட 20 டிகிரி கூடுதலாக இருந்தது. பிழையல்ல, வேண்டுமென்றே வைத்தது. வெவ்வேறு மாடல்களுக்கும் ஒரே விசிறி ஒழுங்கு பொருந்துவதற்காக. அந்த 20ஐக் கழித்துக் காட்டும் வரியைக் கெர்னல் தனியாகச் சேர்க்கும்வரை, புதுச் செயலி வாங்கியவர்கள் வெப்பக் கடத்திப் பசையை மறுபடி மறுபடி துடைத்துப் பூசிக்கொண்டிருந்தார்கள். அதற்கும் முந்தைய சில ஏஎம்டி செயலிகளில் உணரியே நம்பத்தகாதது என்று அந்நிறுவனமே பிழைப் பட்டியலில் 319ஆம் எண்ணிட்டு ஒப்புக்கொண்டிருக்கிறது. அவற்றைக் கண்டால் டிரைவர் வேலை செய்ய மறுத்துவிடும், வற்புறுத்தினால்தான் ஏறும். தவறான எண்ணைச் சொல்வதைவிட வாயை மூடிக்கொள்வது மேல் என்ற அந்தத் தீர்மானம் எனக்குப் பிடிக்கும்.

இப்போது அந்த அசையாத 27.8க்கு வருவோம். கணினியைத் தொடக்கிவைக்கும் மதர்போர்டு நிரலான பயோஸ், வன்பொருளைப் பற்றி இயங்குதளத்துக்குச் சொல்லத் தரும் ஏசிபிஐ அட்டவணைகள் வெப்பநிலையைக் கெல்வினில், அதுவும் பத்தில் ஒரு பங்கு கெல்வின் அலகில் சொல்லும். கெர்னல் அதிலிருந்து 2732ஐக் கழித்தால் செல்சியஸ் வரும். பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்: 278 கூட்டல் 2732, 3010. அதாவது சரியாக 301.0 கெல்வின். வேறு சில பலகைகளில் 16.8 டிகிரி என்று ஓர் எண் உறைந்து நிற்கும், அது 290.0 கெல்வின். இயற்கையில் எதுவும் இப்படி முழு எண்ணில் வந்து நிற்காது. பயோஸ் எழுதியவர் அந்த இடத்தில் ஏதாவது ஓர் எண் இருக்க வேண்டுமே என்று தட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். அங்கே உணரி என்று ஒன்று இல்லவே இல்லை.

இதே கெல்வின் எஸ்எஸ்டியிலும் தடயம் விட்டுச்செல்கிறது. என்விஎம்இ எஸ்எஸ்டிகள் முழு கெல்வினில்தான் வெப்பநிலை சொல்லும். அதிலிருந்து 273.15ஐக் கழிப்பதால், கோப்பில் உள்ள மில்லி டிகிரி எண் பூஜ்ஜியத்துக்கு மேல் எப்போதும் 850 என்றே முடியும்: 38850, 39850, 40850. திரையில் 38.9 என்று தசமத்தோடு பார்த்து, ஆகா எவ்வளவு துல்லியம் என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே இருப்பது 312 என்ற முழு எண். அதே வரியில் கீழ் வரம்பு மைனஸ் 273.1 என்று இருந்தால், யாரும் வரம்பு வைக்கவில்லை, பூஜ்ஜியமாக விட்டுவிட்டார்கள் என்று பொருள். எஸ்எஸ்டி தனிப் பூஜ்ஜியம்வரை தாங்கும் என்று அந்த வரி உறுதி தரவில்லை.

மைனஸ் 62இன் விளக்கம் இவற்றையெல்லாம்விடச் சாதாரணமானது. சூப்பர் ஐஓ சிப்பில் ஆறேழு வெப்ப உள்ளீடுகள் இருக்கும். பலகையைச் செய்தவர் இரண்டு மூன்றைத்தான் இணைத்திருப்பார். மீதிக் கால்கள் காற்றில் தொங்குகின்றன. தொங்கும் காலில் உள்ள ஏதோ ஒரு மின்னழுத்தத்தைச் சிப் வெப்பநிலையாக மொழிபெயர்க்கிறது. 127 என்பதும் அப்படியே. குறியோடு கூடிய எட்டு பிட்டில் அதற்கு மேல் எண்ணே கிடையாது. அளவுகோல் முட்டிக்கொண்டு நிற்கிறது.

மின்னழுத்தத்தில்தான் மர்மம் கூடுதல். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

நுவோட்டன் சிப்பின் அளவி ஒரு படிக்கு 8 மில்லி வோல்ட் வீதம் 255 படிகள் ஏறும். ஆக, அதனால் நேரடியாக அளக்கக்கூடிய உச்சம் 2.04 வோல்ட். பவர் சப்ளையின் 12 வோல்ட் கம்பியை அதில் நேராக இணைத்தால் சிப் கருகும். எனவே இரண்டு மின்தடைகளை வைத்து 12இல் ஒரு பங்காகக் குறைத்து உள்ளே அனுப்புகிறார்கள். சிப் பார்ப்பது ஏறத்தாழ 1 வோல்ட். கெர்னல் கோப்பில் எழுதுவதும் அதையே: 1008. அதை 12ஆல் பெருக்கினால் 12.096 வோல்ட். ஆனால் பெருக்க வேண்டியது 12ஆலா, 11ஆலா, எந்த உள்ளீடு 12 வோல்ட், எது 5 வோல்ட் என்பதெல்லாம் பலகைக்குப் பலகை மாறும். மின்தடைகளைத் தேர்ந்தெடுத்தவருக்குத்தான் தெரியும். விண்டோஸுக்கு நிறுவனம் தரும் மென்பொருளில் இந்தக் கணக்கு உள்ளேயே பொதிந்திருக்கும். லினக்ஸ் பயனருக்கு அது கிடைப்பதில்லை. எனவே அவர் செய்வது இதுதான்: கணினியை மறுபடி தொடங்கி, பயோஸ் திரையில் உள்ள மின்னழுத்தங்களைத் தாளில் எழுதிக்கொள்கிறார், லினக்ஸுக்கு வந்து ‘சென்சார்ஸ்’ காட்டும் எண்களோடு ஒப்பிடுகிறார், விகிதத்தைக் கண்டுபிடித்து எல்எம்-சென்சார்ஸின் அமைப்புக் கோப்பில் ஒரு கணக்கீட்டு வரியாக எழுதுகிறார். அந்த வரியில் இரண்டு கணக்குகள் இருக்கும். ஒன்று வாசிக்கும்போது 12ஆல் பெருக்க. மற்றது வரம்பு எழுதும்போது 12ஆல் வகுக்க. இரண்டாவதை மறந்தவர்கள் பலர்.

இன்னொரு நுணுக்கமும் இதற்குள் ஒளிந்திருக்கிறது. ஒரு படி 8 மில்லி வோல்ட். 12ஆல் பெருக்கினால் 96 மில்லி வோல்ட். ஆகவே திரையில் 12.000இலிருந்து அடுத்த எண் 12.096தான், இடையில் எதுவும் வர முடியாது. பவர் சப்ளை ஆடுகிறது, ஒரே நொடியில் பத்தில் ஒரு வோல்ட் குதிக்கிறது என்று பதறுபவர் பார்த்துக்கொண்டிருப்பது, அளவியின் ஒரே ஒரு பிட் புரள்வதை. உண்மையான மின்னழுத்தம் இரண்டு படிகளுக்கு நடுவே எங்கோ சாதுவாக இருக்கும். துல்லியம் வேண்டும் என்றால் மல்டிமீட்டரை எடுங்கள்.

அந்த அலாரங்கள்? சிப்பில் ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் கீழ் வரம்பு, மேல் வரம்பு என்று இரண்டு ரெஜிஸ்டர்கள் உண்டு. பயோஸ் அவற்றை நிரப்பாமல் விட்டால் இரண்டும் பூஜ்ஜியம். 0க்கும் 0க்கும் நடுவே இல்லாத எந்த எண்ணும் சிப்பின் பார்வையில் வரம்பு மீறல். அவ்வளவுதான்.

சுழன்றுகொண்டே 0 காட்டும் விசிறிக்குப் பழைய சிப்களில் ஒரு நேர்த்தியான விளக்கம் உண்டு. விசிறி ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகள் அனுப்பும். சிப் எண்ணுவது துடிப்புகளை அல்ல. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே தன் கடிகாரம் எத்தனை முறை தட்டியது என்பதை. 13,50,000ஐ அந்த எண்ணிக்கையாலும் ஒரு வகுஎண்ணாலும் வகுத்தால் சுற்று வேகம் கிடைக்கும். எண்ணிக்கை எட்டு பிட்டில் அடங்க வேண்டும், உச்சம் 255. வகுஎண் 2 என்றால் அளக்கக்கூடிய குறைந்த வேகம் ஏறத்தாழ 2,650 சுற்று. அதைவிட மெதுவாகச் சுழலும் விசிறியில் துடிப்பு வருவதற்குள் எண்ணி நிரம்பி வழிந்துவிடும்; சிப் 0 என்று சொல்லிவிடும். வகுஎண்ணை 8 ஆக்கினால் 660 சுற்று வரைக்கும் தெரியும். அமைதியான, பெரிய, மெதுவான விசிறியை ஆசையாக வாங்கி மாட்டியவருக்குத்தான் இந்தச் சிக்கல் வரும். புதிய சிப்களில் எண்ணி அகலமாகிவிட்டதால் இது குறைந்துவிட்டது. இப்போது 0 என்றால் பெரும்பாலும் அந்த முனையில் விசிறியே செருகப்படவில்லை.

இத்தனை ஊகமும் ஒப்பீடும் ஏன் என்றால், ஆவணம் இல்லை. ஏஎம்டி ஜென் செயலிகளின் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் காட்டும் வசதியை 2020இல் கே10டெம்ப் டிரைவரில் சேர்த்தார்கள். எந்த ரெஜிஸ்டர் எதைச் சொல்கிறது என்பதற்கு அதிகாரபூர்வ விளக்கம் கிடைக்கவில்லை. மாடலுக்கு மாடல் எண்கள் பொருந்தாமல் போயின. ஓராண்டு முடிவதற்குள் அந்த வசதியை எடுத்தும்விட்டார்கள். பயனர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கென்னவோ எடுத்ததே சரி என்று படுகிறது.

டிரைவர் இருந்தும் சிப் தென்படாமல் போவதும் உண்டு. சூப்பர் ஐஓ சிப்போடு பேச இரண்டு வாசல்கள்: ஒன்றில் எந்தப் பக்கம் வேண்டும் என்று எழுத வேண்டும், மற்றொன்றில் அந்தப் பக்கத்தை வாசிக்க வேண்டும். பயோஸின் ஏசிபிஐ நிரலும் அதே வாசல்களைப் பயன்படுத்தினால், டிரைவர் பக்க எண்ணை எழுதி முடித்த அந்தக் கணத்தில் ஏசிபிஐ நுழைந்து வேறு பக்கத்தைப் புரட்டிவிடலாம். பிறகு டிரைவர் வாசிப்பது தவறான பக்கம். எழுதினாலோ இன்னும் மோசம். இதனால் ஏசிபிஐ உரிமை கோரும் முகவரியில் கெர்னல் டிரைவரை அனுமதிக்காது. அந்தத் தடையைத் தளர்த்த ஒரு துவக்க அளபுரு உண்டு, இணையம் முழுக்க அதைத் தாராளமாகப் பரிந்துரைக்கிறார்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்பது உண்மை. ஆனாலும் அந்தத் தடை விளையாட்டுக்கு வைத்ததல்ல.

சிப்களைத் தேடும் ‘சென்சார்ஸ்-டிடெக்ட்’ நிரல் கேள்விக்கு மேல் கேள்வி கேட்பதும் இதே அச்சத்தால்தான். சிப்களை இணைக்கும் பொதுத் தடமான ‘பஸ்’ஸில் ஒவ்வொரு முகவரியாகத் தட்டிப் பார்ப்பது பாதிப்பில்லாத வேலையாகத் தோன்றும். ஐபிஎம்மின் பழைய திங்க்பேட் மடிக்கணினிகள் சிலவற்றில் 24ஆர்எஃப்08 என்ற ஈப்ரம் சிப், அதாவது மின்சாரம் போனாலும் தரவை வைத்திருக்கும் சிப் இருந்தது. அந்தத் தட்டலையே அது எழுதும் கட்டளையாக எடுத்துக்கொண்டு தன் உள்ளடக்கத்தைக் கெடுத்துக்கொண்டது. மடிக்கணினி திறக்கவே திறக்காது. அதற்குப் பிறகு அந்த வகை இயந்திரங்களை அடையாளம் கண்டு விலகும்படி நிரலை மாற்றினார்கள்.

வாசிப்பது என்பதே ஒரு செயல் என்பதற்கு இன்னும் மென்மையான சான்றுகளும் உண்டு. 2020இல் வந்த 5.6 கெர்னலில் ‘டிரைவ்டெம்ப்’ டிரைவர் சேர்ந்ததிலிருந்து சாட்டா ஹார்ட் டிஸ்க்குகளின் வெப்பநிலையைச் சாதாரணப் பயனரும் வாசிக்கலாம். ஆனால் சில டிஸ்க்குகளில் வெப்பநிலையைக் கேட்பதே ஓய்வு நேரக் கணக்கை முதலிலிருந்து தொடங்கவைத்துவிடும். நிமிடத்துக்கு ஒருமுறை “சூடாக இருக்கிறாயா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தால் டிஸ்க் தூங்கவே போகாது, தூங்காததால் சூடாகவே இருக்கும். பாதுகாப்புப் பக்கத்திலும் ஒரு நிகழ்வு: செயலியின் ஆற்றல் செலவைக் காட்டும் இன்டெல்லின் எண்ணியை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்றுதான் லினக்ஸில் இருந்தது. அந்த எண்ணின் நுண்ணிய ஏற்ற இறக்கங்களிலிருந்தே மறைகுறியாக்கச் சாவிகளைக் கறந்துவிடலாம் என்று ஆய்வாளர்கள் 2020 நவம்பரில் காட்டினார்கள். ‘பிளாட்டிபஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அன்றிலிருந்து அந்தக் கோப்பு முழு அதிகாரம் உள்ள ரூட் பயனருக்கு மட்டுமே.

கோப்புகளை வாசிப்பதோடு நிற்காமல் எழுதவும் தொடங்கினால் விசிறிக் கட்டுப்பாடு. 0 முதல் 255 வரை ஓர் எண்ணை எழுதினால் விசிறியின் வேகம் மாறும். அதற்கு முன் இன்னொரு கோப்பில் 1 என்று எழுதி, தானியங்கி முறையிலிருந்து கையாட்சிக்கு மாற்ற வேண்டும். இதில் நான் ஒருமுறை பட்டது இன்னும் நினைவிருக்கிறது. செயலியின் வெப்பநிலையைப் பார்த்து விசிறியைச் சரிசெய்ய இருபது வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, அதில் ‘ஹெச்டபிள்யூமான்2’ என்று எண்ணை நேரடியாகப் போட்டுவைத்திருந்தேன். பல மாதம் ஒழுங்காக ஓடியது. ஒருநாள் கெர்னலைப் புதுப்பித்து மறுபடி தொடங்கினேன். டிரைவர்கள் ஏறும் வரிசை மாறி, 2 என்ற எண் எஸ்எஸ்டிக்குப் போய்விட்டது. ஸ்கிரிப்ட் எஸ்எஸ்டியின் 36 டிகிரியைப் பார்த்து, எல்லாம் குளிர்ச்சியாக இருக்கிறது என்று விசிறியை மெதுவாக்கி உட்கார்ந்துகொண்டது. நான் ஒரு பெரிய நிரலைத் தொகுக்கவிட்டு எழுந்து போனேன். திரும்பி வந்தபோது அறையே அமைதியாக இருந்தது. வழக்கத்தைவிட மூன்று மடங்கு நேரமாகியும் தொகுப்பு பாதியில் நின்றது. செயலி 100 டிகிரியைத் தொட்டு, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு உயிர்பிழைத்திருந்தது.

ஒவ்வொரு கோப்புறையிலும் ‘நேம்’ என்றொரு கோப்பு இருக்கிறது. டிரைவரின் பெயரை அதில் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், எண்ணை நம்பக் கூடாது என்று ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. எல்எம்-சென்சார்ஸோடு வரும் ‘ஃபேன்கண்ட்ரோல்’ ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அந்தப் பெயரைச் சரிபார்த்து, பொருந்தாவிட்டால் ஓட மறுத்துவிடும். நான் அன்று மாலையே என் ஸ்கிரிப்டை நீக்கிவிட்டு அதற்கு மாறினேன். அந்தக் கையோடு எல்எம்-சென்சார்ஸின் அமைப்புக் கோப்பையும் திறந்து, அந்த மைனஸ் 62 டிகிரியைக் காட்டாதே என்று ஒரு ‘இக்னோர்’ வரி எழுதிப் போட்டேன்.